ஊட்டி ராஜ்பவன் கட்டிய பக்கிங்ஹாம் டியூக்: ஒருவரா, மூவரா?

லவ்டேல்_டீச்சர்:
ராஜ்பவன் பற்றி மாணவர்களுக்கு ஒரு பலகை எழுதணும். கட்டிய கவர்னரை ஒரு இடத்தில் பக்கிங்ஹாம் டியூக் என்கிறார்கள், இன்னொன்றில் சான்டோஸ் மார்க்விஸ், வேறொன்றில் ரிச்சர்ட் டெம்பிள். எது சரி? தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) கூலியைக் குறைத்ததும் இவர்தானா?

குன்னூர்_காட்:
முதல் இரண்டும் ஒரே ஆள். வருஷத்தைப் பார்த்துப் பெயரைத் தேடுங்க. பிறந்தது 1823. 1839 வரை ஏர்ல் டெம்பிள், அப்புறம் 1861 வரை சான்டோஸ் மார்க்விஸ். அப்பா இறந்த பிறகுதான் 3ஆம் டியூக். முந்தைய இரண்டும் பிரபுவின் வாரிசை மரியாதைக்கு அழைக்கும் பட்டங்கள். சட்டப்படி பிரபு இல்லை. அதனால்தான் 1846 முதல் 1857 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழ்சபையான காமன்ஸ் சபையில் எம்.பி.யாக உட்கார முடிந்தது. 1853 முதல் 1861 வரை லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே தலைவராக இருந்ததும் சான்டோஸ் பெயரில்தான். அந்த வருஷங்களில் 'பக்கிங்ஹாம் டியூக்' என்று தேடினால் அவங்க அப்பாதான் வருவார். கடனில் மூழ்கி, 1848இல் குடும்பத்தின் ஸ்டோவ் மாளிகைச் சாமான்கள் 40 நாள் ஏலம் போனதே, அந்த மனுஷர்.

தொட்டபெட்டா63:
பஞ்சக் கூலியைக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிள் வேறு ஆள். டியூக்கின் முழுப்பெயரிலும் ரிச்சர்டும் டெம்பிளும் இருப்பதால் வரும் வினை இது. கூலியைக் குறைத்தவர் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய அதிகாரி; 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கான தினசரி தானியக் கூலியை ஒன்றரை ராத்தலிலிருந்து (ராத்தல் என்றால் பவுண்டு) ஒரு ராத்தலாகக் குறைத்தவர். மதராஸ் சுகாதார கமிஷனர் கார்னிஷ் அது உடம்புக்குப் போதாது என்று வாதாடினார். மார்ச்சில் டியூக்கின் அரசு ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் ஆக்கியது. பாதி வழிதான் ஏறியது என்பதையும் சொல்லணும்.

லவ்டேல்_டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. இப்படி எழுதலாமா: "1875 முதல் 1880 வரை மதராஸ் கவர்னர். பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டியவர். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை இவர் குடும்பத்தாருடையது."

குன்னூர்_காட்:
முதல் வரி சரி. கடைசி வரியை எடுத்துடுங்க. அரண்மனைப் பெயர் 1703இல் அங்கே வீடு கட்டிய ஜான் ஷெஃபீல்டால் வந்தது. பட்டம் ஒன்று, குடும்பம் வேறு. கால்வாயும் 1806லேயே எண்ணூர்ப் பக்கம் காக்ரேன் கால்வாயாகத் தொடங்கியாச்சு. 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. வெட்டினார்கள், பிறகு இவர் பெயர் வைத்தார்கள். "இணைத்தவர்" என்று போடுங்க.

தொட்டபெட்டா63:
ராஜ்பவன் வேலை 1877இல் தொடங்கியதையும் சேருங்க. கீழே பஞ்சம், மேலே மாளிகை. வருஷம் இருந்தாலே பிள்ளைகள் கேட்பாங்க.