கேல் பள்ளத்துக்கு மாதிரி செய்ய உதவி தேவை

வணக்கம். வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்காகச் செவ்வாய் கோளின் கேல் பள்ளத்தை மாதிரியாகச் செய்கிறோம். க்யூரியாசிட்டி ஊர்தி 2012 ஆகஸ்டில் இறங்கிய இடம் அதுதான்.

சிக்கல் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தின் விட்டம் 154 கி.மீ., கிட்டத்தட்ட எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை. நடுவிலுள்ள ஷார்ப் மலை சுமார் 5 கி.மீ. உயரம். 77 செ.மீ. அகலப் பலகையில் செய்தால் மலை இரண்டரை செ.மீ.தான் வரும். பிள்ளைகள் தோசைக்கல் என்றே நினைப்பார்கள்! உயரத்தை மட்டும் மூன்று மடங்காக்கலாமா? அதற்கு மேல் போனால் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. பெரிய விண்கல் மோதலில் தரை எம்பி நடுவில் சிகரம் உருவாவதுண்டு. ஆனால் இந்த மலையில் தெரிவது பெரும்பாலும் படிவுப் பாறை அடுக்குகள். கீழ் அடுக்குகள் பழைய ஏரியில் படிந்தவை. அதனால் களிமண் வேண்டாம், தெர்மாகோலை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் லேசர் கருவியால் அளந்த உயரத் தரவு இணையத்தில் இலவசம். அதிலிருந்து 500 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு வரைந்து தர க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்த யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், மெல்லிய தெர்மாகோல் தாள் பாரிமுனையில் எந்தத் தெருவில் சில்லறையாகக் கிடைக்கும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.