சான் ஆண்ட்ரியாஸ்: புது லேப்டாப்பில் சிஜே நீந்தவே மாட்டேன் என்கிறான்

தாமிரபரணி84:
வணக்கம் நண்பர்களே. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமை 2006-இல் பென்டியம் 4, 512 எம்பி ராம் கம்ப்யூட்டரில் ஆடியவன் நான். கதையில் சான் ஃபியரோ நகரம் வரைக்கும் வந்த பிறகு ஹார்டு டிஸ்க் போய், சேவ் எல்லாம் அதோடு போனது. அந்தக் கதையை முடிக்காமல் விட்டது இத்தனை வருஷமாக மனதில் கிடக்கிறது.

போன மாதம் லேப்டாப் வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ராம், 144 ஹெர்ட்ஸ் திரை, விண்டோஸ் 11. பழைய பதிப்பு ஸ்டீமில் ஏற்கெனவே இருந்ததால் அதையே இறக்கினேன். இந்த மெஷினுக்கு அது தூசு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஃப்ரேம் லிமிட்டரை (ஃப்ரேம் வேகத்துக்கு வரம்பு வைக்கும் செட்டிங்) ஆன் செய்தால் 25 எஃப்பிஎஸ்தான் (விநாடிக்கு 25 ஃப்ரேம்), கேமராவைத் திருப்பினால் படம் தத்தித் தத்தி நகர்கிறது. ஆஃப் செய்தால் 144-இல் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, ஆனால் தண்ணீரில் இறங்கியதும் கேமின் நாயகன் சிஜே கையை வீசிக்கொண்டு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

'ஆம்ஃபிபியஸ் அசால்ட்' மிஷனில் கப்பல் வரைக்கும் முங்கிப் போக வேண்டும். நுரையீரல் அளவை நன்றாக ஏற்றிவிட்டுத்தான் போனேன். அப்படியும் பாதி வழியில் மூச்சு தீர்ந்து சாகிறான். ஐந்து முறை ஆகிவிட்டது. இது போக, சில நேரம் மவுஸும் வேலை செய்வதில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

சிடிப்பெட்டி:
கேமின் ஈஎக்ஸ்இ கோப்பை ரைட் கிளிக் செய்து, காம்பேட்டிபிலிட்டியில் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 வைத்துப் பாருங்கள். 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக்கும் போடுங்கள். எனக்குப் பல பழைய கேம்கள் இதில் ஓடியிருக்கின்றன.

தாமிரபரணி84:
செய்து பார்த்தேன் அண்ணா. நீச்சல் அப்படியேதான் இருக்கிறது.

ராத்திரிஆட்டம்:
தம்பி, காம்பேட்டிபிலிட்டி மோடை எடுத்துவிடுங்கள். உங்கள் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. வேகம் கூடிப்போனதுதான் சிக்கல்.

இந்த கேம் 2004-இல் பிஎஸ்2-வுக்கு வந்தது, பிசிக்கு 2005-இல். விநாடிக்கு 30 ஃப்ரேமுக்கு மேல் யாரும் ஆடப்போவதில்லை என்ற கணக்கில் எழுதியது. அதனால் பல வேலைகளைக் கடிகாரம் பார்த்துச் செய்யாமல் ஃப்ரேமை எண்ணிச் செய்கிறது. ஃப்ரேம் கூடினால் சில விஷயங்கள் தலைதெறிக்க ஓடும், சில மந்தமாகும். நீச்சல் மந்தமாகிற வகை. உங்கள் திரை 144, கேம் எதிர்பார்ப்பது 30. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. சிஜே மூச்சு முட்டிச் சாவதில் ஆச்சரியமே இல்லை.

முதலில் 'சைலன்ட்பேட்ச்' போடுங்கள், பழைய பிழைகளைத் திருத்தும் மாட் (ரசிகர்கள் எழுதும் கூடுதல் கோப்பு) அது. வேறு எந்த மாடும் போடாவிட்டாலும் இதைப் போட்டுவிடுங்கள். கேமின் லிமிட்டர் 30 என்று சொல்லி 25 தருகிறதே, அதை இது உண்மையான 30 ஆக்கும். அந்த ஐந்து ஃப்ரேம் காகிதத்தில் சின்ன எண்தான், ஆனால் கேமராவைத் திருப்பும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மவுஸ் தொல்லையும் இதிலேயே சரியாகும். இதை கேமுக்குள் ஏற்ற ஏஎஸ்ஐ லோடர் என்ற கோப்பு ஒன்று வேண்டும், அதை கேம் ஃபோல்டரிலேயே வையுங்கள். அகலத் திரையில் மேப்பும் எழுத்தும் இழுத்த மாதிரி தெரிந்தால் 'வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ்' தனியாக இருக்கிறது.

அப்புறம் என்விடியா கண்ட்ரோல் பேனலில் இந்த கேமுக்கு மட்டும் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' 60 என்று வையுங்கள். பவர் மோடையும் 'ப்ரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபாமன்ஸ்' ஆக்குங்கள். இவ்வளவு லேசான கேமுக்கு ஜிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தூங்கப் பார்க்கும், நடு நடுவே வரும் வெட்டலுக்கு அது ஒரு காரணம்.

தரையில் லிமிட்டர் ஆஃப், அதாவது 60. தண்ணீரில் இறங்கும் முன் எஸ்கேப் அழுத்தி, டிஸ்ப்ளே செட்டப்பில் லிமிட்டரை ஆன் செய்யுங்கள். நான் முழுக் கதையையும் இப்படித்தான் முடித்தேன். 'ஃப்ரேம்ரேட் விஜிலாண்டே' என்ற மாட் அதிக எஃப்பிஎஸ் கோளாறுகள் பலவற்றைத் திருத்தும். ஆனால் இதுபோன்ற மாட்கள் பலவும் பழைய 1.0 ஈஎக்ஸ்இ-யைத்தான் எதிர்பார்க்கும், ஸ்டீம் பதிப்போடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரு மிஷனுக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

சிடிப்பெட்டி:
சைலன்ட்பேட்ச் இவ்வளவு செய்யும் என்று எனக்குத் தெரியாது, நன்றி. இன்னொன்று. விண்டோஸ் 11-ஐ 24எச்2 அப்டேட்டுக்கு மாற்றிய பிறகு என் சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் விமானம் கண்ணிலேயே படுவதில்லை. அதற்கும் ஃப்ரேம்தான் காரணமா?

ராத்திரிஆட்டம்:
இல்லை, அது வேறு கதை. சைலன்ட்பேட்ச் எழுதியவர்தான் 2025-இல் அதைத் தோண்டி எடுத்தார். முந்தைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகு வகையில் இருந்தது, படகுக்குச் சக்கர அளவு தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றியபோது வண்டிகளின் விவரம் இருக்கும் வெஹிகிள்ஸ் ஐடிஇ கோப்பில் அந்த அளவைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். கேம் அந்த வரியைப் படிக்கும்போது, மெமரியில் முந்தைய வண்டி விட்டுப்போன எண்ணையே எடுத்துக்கொண்டது. முந்தைய வண்டி டாப்ஃபன் என்ற வேன். ஆக, இருபது வருஷமாக ஸ்கிம்மர் ஒரு வேனின் சக்கர அளவில் ஓடியிருக்கிறது! 24எச்2-வில் விண்டோஸ் அந்த மெமரி இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த ஆரம்பித்ததும் குப்பை எண் வந்து உட்கார்ந்துவிட்டது, விமானமும் காணாமல் போனது. விண்டோஸ் மேல் தப்பில்லை, அது கேமிலேயே ஆரம்பத்திலிருந்து இருந்த பிழை. இப்போதைய சைலன்ட்பேட்சில் இதுவும் திருத்தியாகிவிட்டது.

தாமிரபரணி84:
அண்ணா, முடிந்தது! நேற்று ராத்திரி சைலன்ட்பேட்ச் போட்டு, கரையில் நின்றே லிமிட்டரை ஆன் செய்துவிட்டு இறங்கினேன். முதல் வீச்சிலேயே உடம்பு முன்னால் போனது தெரிந்தது. ரோந்துப் படகின் வெளிச்சம் வரும்போதெல்லாம் முங்கி, கப்பலைத் தொட்டபோது மூச்சு பாதிக்கு மேல் மிச்சம். மவுஸும் இதுவரை மக்கர் பண்ணவில்லை.

அடுத்தது 'தி டா நாங் தாங்' மிஷன். 2006-இல் நான் நின்ற இடம் அதுதான். சேவ் கோப்பை மட்டும் பென் டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று நகல் எடுத்து வைத்துவிட்டேன்.