கலை, உணவு, வாழ்க்கைமுறைக் கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒரு சங்கம்: மலையில் இருந்துகொண்டு சேர்வதில் பயன் உண்டா?

கோத்தகிரி_கட்டுரைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை, வார இதழ்களுக்கும் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளுக்கும் கட்டுரை எழுதித்தான் பிழைப்பு ஓடுகிறது. தோடர் எம்பிராய்டரி, குறும்பர் ஓவியம், கோத்தர் பெண்கள் வனையும் பானை, ஊட்டி வர்க்கி, பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை என்று இந்த மலையோடு ஒட்டிய விஷயங்கள்தான் நான் எழுதுவது.

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இதழில் வந்த என் கட்டுரையை அப்புறம் அவர்களுடைய இணையதளத்தில் போட்டார்கள், சரி என்று விட்டேன். பிறகு அதே கட்டுரை அவர்கள் கொண்டுவந்த ஒரு தொகுப்பு நூலில் இருப்பதை ஊட்டியில் ஒரு புத்தகக் கடையில் நின்றுதான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சன்மானம் முதலில் கொடுத்தது மட்டும்தான், அதுவும் பல மாதம் கழித்து. போன் செய்து கேட்டால் "உங்க பேரைத்தான் போட்டிருக்கோமே மேடம்" என்கிறார்கள். இங்கே இருக்கிற பத்திரிகையாளர்களிடம் சொன்னால், நீங்கள் நிருபர் இல்லையே, சங்கத்தில் எப்படிப் பேசுவது என்று கைவிரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த மாதிரிக் கட்டுரை எழுதுபவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருப்பதாகப் படித்தேன். நம் ஊரில் இருந்துகொண்டு அதில் சேர்ந்தால் ஏதாவது பயன் உண்டா? இல்லை, ஊட்டி, குன்னூர், கூடலூர், அப்படியே கொடைக்கானல் வரைக்கும் நம்மைப் போல எழுதுபவர்கள் சேர்ந்து இங்கேயே ஒன்று தொடங்குவது நல்லதா? அப்படித் தொடங்கினால் அது முதலில் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எனக்கு இது நிஜமாகவே முக்கியம்.

பழைய_டெஸ்க், குன்னூர்

வணக்கம்மா. ஞாயிறு இணைப்பு டெஸ்க்கில், அதாவது கட்டுரைகளைத் திருத்திப் பக்கம் தயார் செய்கிற பிரிவில், பல வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் படித்தது சொசைட்டி ஃபார் ஃபீச்சர்ஸ் ஜர்னலிசம் பற்றியாக இருக்கும். ஃபீச்சர் என்றால் நீங்கள் எழுதுகிற இந்த மாதிரிக் கட்டுரைதான். 1947-ல் ஞாயிறு இதழ், ஃபீச்சர் பக்கங்களின் ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கியது, இந்தப் பெயர் பின்னாளில் வைத்தது. அது தொடங்கிய காலத்தில் அங்கேயும் இந்த வகை எழுத்துக்கு "பெண்கள் பக்கம்" என்றுதான் பெயர். சமையல், கல்யாணம், உடுப்பு என்று செய்திப் பிரிவுக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத பக்கம். 1969-ல் வாஷிங்டன் போஸ்ட் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஸ்டைல் என்று ஒரு பகுதி கொண்டுவந்தது, மற்ற பத்திரிகைகளும் அதைப் பார்த்து மாறின. அந்த மாற்றக் காலம் முழுக்க இந்தச் சங்கம் இருந்திருக்கிறது. வருஷா வருஷம் போட்டி வைக்கிறார்கள். கலை விமர்சனம், உணவு எழுத்து, பொதுக் கட்டுரை என்று பிரிவு பிரிவாகப் பரிசு உண்டு. கூடி உட்கார்ந்து தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உங்களுக்கு அதில் என்ன கிடைக்கும் என்றால், படிக்கக் கிடைக்கும். பரிசு வாங்கிய கட்டுரைகளைத் தேடி எடுத்து, எங்கே ஆரம்பிக்கிறார்கள், ஒரு ஆளை எத்தனை வரியில் கண் முன்னால் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள், அதற்கு உறுப்பினர் ஆகவே வேண்டாம். ஆனால் கோத்தகிரியில் இருக்கிற உங்களுக்குச் சேர வேண்டிய சன்மானத்தை அவர்கள் வாங்கித் தர முடியாது. அது அவர்கள் வேலையும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உணவுப் பத்திரிகையாளர்களுக்கென்று அங்கே 1974-ல் தொடங்கிய ஒரு சங்கம் 2020-ல் கலைக்கப்பட்டது. நாளிதழ்களில் உணவுப் பக்கத்துக்கென்றே இருந்த வேலைகள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. பத்திரிகை ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவர்களை மட்டும் நம்பி நிற்கிற சங்கம் அந்த வேலை போனால் கூடவே போய்விடும். நீங்கள் இங்கே தொடங்குவதாக இருந்தால் வெளியில் இருந்து எழுதுபவர்களை நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.

டெஸ்க்கில் உண்மையில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கால் பக்க விளம்பரம் ஒன்று வந்தால் முதலில் வெட்டப்படுவது உங்கள் கட்டுரைதான். கடைசி இரண்டு பத்தி போய்விடும், நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதியது அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். ஃபோனில் ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. வெட்டுவதற்கு முன் எழுதியவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தைச் சங்கம் கொண்டுவந்தாலே பெரிய விஷயம்.

சட்டம்_படித்தவன்_ஊட்டி

அக்கா, சங்கம் வருகிறபோது வரட்டும், உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற உரிமையை முதலில் பாருங்கள். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கட்டுரையின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எழுதினால் பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்குப் போகும். அவர் விஷயத்திலும்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மற்ற உரிமைகள் எழுதியவரிடமே நிற்கும் என்றுதான் 17-ம் பிரிவு சொல்கிறது. நீங்கள் வேலையிலேயே இல்லை. அப்படியிருக்க நூலாகப் போடும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருந்தால்தான் உரிமை மாற்றம் செல்லும், அது 19-ம் பிரிவு. எழுதிக் கொடுத்திருந்தாலும் எத்தனை காலம் என்று சொல்லாவிட்டால் 5 வருஷம்தான், எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். "பேரைப் போட்டிருக்கோமே" என்பது பதிலே இல்லை. பெயர் போடுவது 57-ம் பிரிவில் வருகிற தனி உரிமை, பணம் கொடுப்பதற்கு அது ஈடாகாது.

அதனால் பழைய மெயில்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள், படிவம் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று. இல்லையென்றால் நோட்டீஸ் அனுப்பலாம். வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் ஆண்டுச் சட்டம். நம் மாவட்டத்துக்கு அது ஊட்டியில்தான் இருக்கிறது, கோத்தகிரியில் பஸ் ஏறினால் போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம்.

பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம் என்று யாராவது சொல்வார்கள். அது பத்திரிகை ஒழுக்கத்துக்கான அமைப்பு, கண்டிக்கும், எச்சரிக்கும், பணம் வசூலித்துத் தராது. உங்கள் பிரச்சினைக்கு அந்தக் கதவு சரிவராது.

உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955-ம் ஆண்டுச் சட்டத்தில் ஃபீச்சர் எழுதுபவர் என்று தனியாகப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். அதனால் ஃபீச்சர் எழுதுகிறவர் பத்திரிகையாளர் இல்லை என்று இங்கே யாரும் சொன்னால் அதைக் காட்டுங்கள். ஆனால் அந்த வரையறை வேலையில் இருப்பவர்களுக்கு, முழுநேரமோ பகுதிநேரமோ. உங்களைப் போல வெளியில் இருந்து எழுதுபவர்கள் அதற்குள் வருவது கஷ்டம். சங்கம் தேவைப்படுவதே அந்த ஓட்டைக்குத்தான்.

பதிவு செய்வது பெரிய காரியம் இல்லை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் சேர்ந்தால் போதும்.

கொடைக்கானல்_கேமரா

நான் படம் எடுக்கிறவன், கட்டுரையும் எழுதுவேன். சங்கம் வரட்டும், முழு மனசோடு சேர்கிறேன். ஆனால் சன்மானத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதி வேலைதான் ஆகும். மலையில் வாழ்க்கைமுறைக் கட்டுரை என்றாலே ரிசார்ட் என்று ஆகிவிட்டது. அறை கொடுக்கிறார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள், வண்டி அனுப்புகிறார்கள், அப்புறம் வருகிற கட்டுரையில் மேகமும் காபியும்தான் இருக்கும், அந்த ரிசார்ட் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறது, குப்பை எங்கே போகிறது என்று ஒரு வரி இருக்காது. சீசனில் பக்கத்துத் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசையில் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கட்டுரையைப் படிக்க எனக்கு வயிறு எரிகிறது.

மேலே அண்ணா சொன்ன அந்தக் கலைந்துபோன உணவுச் சங்கம் விமர்சகர்களுக்கு ஒரு வழிமுறை எழுதி வைத்திருந்தது. புதிதாகத் திறந்த உணவகத்துக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடு, ஒரு தடவைக்கு மேல் போய்ச் சாப்பிடு, சாப்பிட்டதற்குப் பத்திரிகை பணம் கொடுக்கட்டும் என்று. நம் பத்திரிகைகள் அந்தச் செலவைக் கொடுக்காது, எனக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் குறைந்தபட்சம் "இந்தப் பயணத்துக்கு இன்னார் செலவு செய்தார்கள்" என்று கட்டுரைக்குக் கீழே ஒரு வரி போட வேண்டும் என்று சங்கம் விதி வைக்கட்டும். அந்த வரி போடச் சம்மதிக்காத அழைப்புக்கு நாம் போக வேண்டாம்.

படங்களைப் பற்றியும் பேச வேண்டும். கட்டுரையோடு அனுப்பிய படத்தை இலவச இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். படத்துக்குத் தனி சன்மானம், படம் எடுத்தவர் பெயர் தனியாக, இரண்டும் வேண்டும்.

நூல்_எண்ணிக்கை, ஊட்டி

தோடர் எம்பிராய்டரி செய்கிற பெண்களோடு சேர்ந்து விற்பனை வேலை பார்க்கிறேன். எழுதுபவர்களின் சங்கம் என்றால் எழுதப்படுகிறவர்கள் பக்கமிருந்தும் ஒரு குரல் வரட்டும் என்று எழுதுகிறேன், யாரையும் குறை சொல்ல இல்லை.

இந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் இங்கே வந்து போகாத பத்திரிகை கிடையாது. எல்லோரும் எழுதுவது ஒரே கட்டுரை. அழிந்துவரும் கலை, எருமை, வளைந்த குடிசை, முடிந்தது. துணியில் பென்சிலால் கோடு போடாமல், நூலை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது என்பதை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. வயதான ஒரு அம்மா வெள்ளைத் துணியை முட்டியில் விரித்து, சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் மாற்றி மாற்றி ஓட்டும்போது உதடு மட்டும் அசையும், எண்ணுகிறார். நடுவில் "பாட்டி, கொஞ்சம் சிரிங்க" என்று கேமராவை நீட்டினால் எண்ணிக்கை தவறிவிடும், அந்த வரியை முழுக்கப் பிரிக்க வேண்டும். இப்படிப் பிரித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். படம் எடுத்தவர் அதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டுரை வந்த இதழ்கூட அந்த அம்மாவுக்கு வந்து சேரவில்லை.

நான் கேட்பது கொஞ்சம்தான். வெளியான இதழில் ஒரு பிரதி அனுப்புங்கள். செய்தவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போடுங்கள், "ஒரு தோடர் பெண்" என்று போடாதீர்கள். ஒரு சால்வை முடிக்க எவ்வளவு காலம் ஆகிறது, அவர் கைக்கு என்ன வருகிறது, கடையில் என்ன விலை என்று மூன்றையும் கேட்டு எழுதுங்கள். கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கோத்தகிரி_கட்டுரைக்காரி

எல்லோருக்கும் நன்றி. மெயில்களைத் தேடிப் பார்த்துவிட்டேன், எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இந்த வாரமே போகிறேன்.

நூல்_எண்ணிக்கை சொன்னது மனசில் நிற்கிறது. பிரதி அனுப்புவது, பெயர், அந்த மூன்று கேள்வி, இவை விதியாகவே எழுதப்பட வேண்டும், கொடைக்கானல் நண்பர் சொன்ன செலவு வரியும் கூட. என் சன்மானத்துக்காக மட்டும் ஒரு சங்கம் வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. எழுதுகிறவருக்கு என்ன நியாயமோ அதுதான் எழுதப்படுகிறவருக்கும் என்று சொல்கிற சங்கமாக இருந்தால் அதற்காக அலையத் தயார்.

பதிவு செய்கிற வரைக்கும் காத்திருக்காமல், ஒவ்வொருவரும் கட்டுரை அனுப்பும்போது மெயிலில் ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்தால் என்ன? நான் எழுதிப் பார்த்தது: "இக்கட்டுரையையும் படங்களையும் தங்கள் இதழில் ஒரு முறை வெளியிட மட்டும் அனுமதி தருகிறேன். நூல், தொகுப்பு, பிற பதிப்புகளுக்குத் தனி எழுத்து அனுமதியும் சன்மானமும் வேண்டும். சுருக்குவதாக இருந்தால் முன்கூட்டித் தெரிவிக்கவும்." இதில் ஏதாவது விட்டுவிட்டேனா?

சட்டம்_படித்தவன்_ஊட்டி

நன்றாக இருக்கிறது அக்கா. இரண்டு திருத்தம். "இதழில்" என்று மட்டும் இருந்தால் இணையதளமும் இதழ்தான் என்று வாதம் வரும், அதனால் "அச்சு இதழில்" என்று போடுங்கள், இணையத்துக்கு விடுவதாக இருந்தால் எத்தனை காலம் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். சன்மானம் எத்தனை நாளில் வர வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிற தொழில் என்றால் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தாமதித்தால் வட்டியும் உண்டு. கட்டுரை எழுதுவதைச் சேவைத் தொழிலாக அதில் பதிவு செய்யலாம், ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. ஊட்டிக்கு வரும்போது இரண்டையும் கையில் எடுத்து வாருங்கள், கூட உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

பழைய_டெஸ்க், குன்னூர்

அந்த வரிகளை மெயிலுக்குள் மட்டும் வைக்காதீர்கள், கட்டுரை ஃபைலின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். டெஸ்க்கில் மெயிலை ஒருவர் பார்ப்பார், ஃபைலை இன்னொருவர் திறப்பார், பக்கம் கட்டுகிறவருக்கு வந்து சேர்வது ஃபைல் மட்டும்தான்.