பொருள்: புரூக்கினே: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் வணக்கம்.

வேளாண் பட்டயப் படிப்புக்கான பூச்சியியல் நூலில் சேமிப்புக் கிடங்குப் பூச்சிகள் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு பக்கம் மட்டும் நகர மறுக்கிறது: இலைவண்டுக் குடும்பமான கிரைசோமெலிடேயில் அடங்கும் புரூக்கினேயின் வகைப்பாடு.

தட்டைப்பயற்றிலும் பாசிப்பயற்றிலும் ஓட்டை போடுகிறதே, அந்த வண்டின் கூட்டம்தான் இது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1,700 சிற்றினங்கள். பழைய நூல்களில் புரூக்கிடே என்று தனிக் குடும்பமாக இருந்தது. பின்னர் இலைவண்டுகளுக்குள் ஒரு படி இறக்கி வைத்துவிட்டார்கள். தவளைக்கால் வண்டுகளான சாக்ரினேதான் இதற்கு மிக நெருங்கிய உறவு என்கிறார்கள். ஆக, மாணவர் படிக்கப்போகும் வாக்கியம் இது: "பயறு வண்டுகள் இலைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இவற்றின் புழுக்கள் இலையைத் தின்பதில்லை." கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்வது இப்போதே எனக்குத் தெரிகிறது.

இன்னொரு தலைவலி. இதன் கீழே ஆறு டிரைப்கள் (ஆங்கிலத்தில் tribe, இதற்கு அடுத்த கீழ்ப்படி): அம்பிளிசெரினி, புரூக்கினி, யூபாப்டினி, கைட்டோரைனினி, பாக்கிமெரினி, ரேபினி. இரண்டாவதைப் பாருங்கள். குடும்பமாக இருந்தபோது புரூக்கிடே, இப்போது புரூக்கினே, அதற்குள் ஒரு பிரிவு புரூக்கினி. இரண்டு படிகளுக்கு இடையிலான வேறுபாடு ஒரு கொம்புக்கும் ஒரு சுழிக்கும் இடையில் தொங்குகிறது. அச்சுப்பிழை ஒன்று விழுந்தால் வகைப்பாடே மாறிவிடும். அதனால் எழுத்துப்பெயர்ப்பை மட்டும் நம்ப முடியாது, தமிழ்ப் பெயர் வேண்டும். டிரைப்புக்கும் சொல் வேண்டும். கணினி மொழிபெயர்ப்பு எனக்குக் கொடுத்தது "பயறு வண்டின் ஆறு பழங்குடிகள்".

தமிழாசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி

அன்புடையீர், வீட்டில் சொல் இருக்க வெளியில் ஏன் தேட வேண்டும்? உளுத்தல் என்ற வினை இருக்கிறது. உளுத்த கட்டை, உளுத்துப்போன தானியம் என்று இன்றும் சொல்கிறோம். உள்ளிருந்தே அரித்துக் கோதாக்குவது உளு. எனவே உளுவண்டு. நாவில் உருள்கிறது.

இதன் வேர் உள். உள்ளே புகுவது உளு, உள்ளே புகுத்துவது உளி. இன்னும் ஒரு படி போகலாம். உளுக்கும் இயல்புடைய தானியத்துக்கு நம் முன்னோர் உளுந்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பூச்சியின் வரலாறு பயற்றின் பெயரிலேயே உறைந்திருக்கிறது. உளை என்ற சேற்றுப் பெயரையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். கால் வைத்தால் உள்ளே இழுப்பது அல்லவா? நேரம் கிடைத்தால் விரிவாக எழுதுகிறேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஐயாவுக்கு வணக்கம். உளியும் உளையும் உங்களுடனேயே இருக்கட்டும். உளுந்தை மட்டும் திருப்பிக் கேட்கிறேன். எங்கள் பக்கம் அது இன்றும் உழுந்துதான், சிறப்பு ழகரம். இது எங்கள் பேச்சு வழக்கு மட்டுமன்று. அகநானூறு 86ஆம் பாடல், திருமண விருந்தைச் சொல்லும்போது, "உழுந்து தலைப்பெய்த கொழுங்களி மிதவை" என்றுதான் தொடங்குகிறது. பழைய வடிவம் ழகரமாக இருக்க, பிற்கால ளகரத்தில் வேர் தேடினால் எதைத்தான் நிறுவ முடியாது?

படிநிலைச் சொற்கள் பற்றி ஒன்று. இலங்கைப் பாடநூல்களில், நீங்கள் வரிசை (order) என்னும் படிக்கு வருணம், பேரினத்துக்குச் சாதி, சிற்றினத்துக்கு இனம். இரு கரைக்கும் பொதுவாக ஒரு நூல் செய்யும் வாய்ப்பு வந்தால் இதையும் பேச வேண்டும்.

மென்பொருளாளர், சென்னை

வருணமும் சாதியும் தமிழ்நாட்டு வகுப்பறையில் நுழைந்தால் அன்று பூச்சியியல் நடக்காது, அம்மா. விட்டுவிடுவோம்.

என் யோசனை வேறு. இலத்தீனில் பெயரின் ஈற்றைப் பார்த்ததுமே படி தெரிந்துவிடுகிறது: டே என்றால் குடும்பம், னே என்றால் அதன் கீழ்ப்படி, னி என்றால் அதற்கும் கீழே. தமிழுக்கு விகுதி வளம் இல்லையா? குடும்பத்துக்கு -ஆர், அடுத்ததற்கு -இர், அதற்கடுத்து -அர் என்று வகுத்துக்கொள்வோம். இலைவண்டார், பயற்றிர், புரூக்கர். வேளிர், மழவர் என்ற மரபு நமக்கு உண்டு. ஒருமுறை விதி வகுத்தால் எல்லா உயிரிகளுக்கும் தானாகவே பெயர் உருவாகிவிடும்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி

தம்பி, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவே மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று கோடு போடுகிறது. நீங்கள் வண்டுக்குப் பலர்பால் விகுதி சூட்டுகிறீர்கள். "இலைவண்டார் வந்தார்" என்றால் யாரோ மிராசுதார் என்று எழுந்து நிற்பார்கள்.

உழுந்து பற்றி அம்மையார் சொன்னதற்குப் பின்னர் வருகிறேன்.

பூச்சியியல் ஆய்வாளர், மதுரை

பெயர் வைக்குமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். என் மேசையில் ஒரு கிண்ணம் வண்டு விழுந்த தட்டைப்பயறு இருக்கிறது. பயற்றின் வழவழப்பான தோலில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றன, அவைதாம் முட்டைகள். புழு முட்டையின் அடிப்புறத்தைத் துளைத்து நேராகப் பயற்றுக்குள் இறங்கிவிடுகிறது. வளர்ந்த பிறகு, வெளியேறும் இடத்தில் தோலை மட்டும் மெல்லிய வட்டமாக விட்டுவைக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த வட்டம் மங்கலான சன்னல் போலத் தெரியும். முதிர்ந்த வண்டு அதைத் தள்ளித் திறந்துகொண்டு வருகிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். மேற்சிறகு குட்டை, முதுகின் கடைசிப் பகுதி மூடப்படாமல் வெளியே தெரியும். கிடங்கில் வெளிவந்த வண்டு எதையும் தின்னாமலே முட்டையிட்டுச் சாகும்.

இப்போது பெயர்கள். முதலாவது, தயவுசெய்து கூன்வண்டு என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் இதை வழக்கமாக வீவில் என்பதால் பலர் அப்படி எழுதுகிறார்கள். கூன்வண்டுக்கு மூக்கு நீண்டிருக்கும், அது வேறு குடும்பம். அரிசியில் இருப்பது கூன்வண்டு, பயற்றில் இருப்பது அன்று.

இரண்டாவது, பயறுவண்டு என்ற பெயர் கலோசோபுரூக்கஸ் பேரினத்துக்குப் பொருந்தும். முழுக் கூட்டத்துக்கும் பொருந்தாது. பாக்கிமெரினியில் உள்ள கேரியடான் புளியங்கொட்டையையும் நிலக்கடலையையும் துளைக்கிறது. அதே பிரிவில் பனை இனத்து விதைகளைத் துளைப்பவையும் இருக்கின்றன. அம்பிளிசெரினியில் ஸ்பெர்மோபேகஸ் தாளிக்கொடி வகைகளின் விதையில் வளர்கிறது. எண்ணிக்கையில் பெரும்பாலானவை புரூக்கினியில்தான் அடங்கும், அவற்றில் அவரைக் குடும்பத்து விதைகளைத் தின்பவை மிகுதி. யூபாப்டினியில் ஒரே பேரினம், அது தென்னமெரிக்காவில். ஆக, பொதுவான சொல் விதை.

மூன்றாவது, மூலப்பெயரை மொழிபெயர்க்கலாம் என்று யாராவது தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன். லின்னேயஸ் 1767இல் புரூக்கஸ் என்று பெயரிட்டார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு வெட்டுக்கிளி என்று பொருள். அதைத் தமிழாக்கினால் மாணவர் வயலில் தேடுவார்.

தனித்தமிழ் ஆர்வலர், சென்னை

கலோசோபுரூக்கஸ் என்பதில் ஸ் எதற்கு? புரூக்கசு என்று எழுதக் கை நடுங்குகிறதா? அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று. வண்டு என்ற சொல்லே இங்கே பொருந்துமா? சங்கப் பாடல்களில் வண்டு பூவில் தேனுண்டு முரல்கிறது. தும்பியும் அப்படியே. இன்றைக்குத் தும்பி என்றால் தட்டானைக் காட்டுகிறார்கள். வன்சிறகுப் பூச்சிகளுக்கு வண்டு என்று பெயர் போனதே பாடநூல்கள் செய்த குழப்பம். தம் நூலின் மரபியல் என்னும் இயலில் நண்டும் தும்பியும் நான்கறிவு உயிர்கள் என்கிறார் தொல்காப்பியர். அங்கிருந்து தொடங்கி முழு வகைப்பாட்டையும்

மொழிபெயர்ப்பாளர், கோவை

ஐயா, உங்கள் மடல் பாதியில் நின்றுவிட்டது. ஒருவகையில் நல்லதுதான். இன்று புதன்கிழமை.

பருப்பு வணிகக் குடும்பத்தவர், விருதுநகர்

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. எங்கள் கிட்டங்கியில் வண்டு விழுந்துவிட்டது என்போம், சொத்தை என்போம். உளுத்தது என்பது மரத்துக்குத்தான், பயற்றுக்குச் சொல்லிக் கேட்டதில்லை. முழுத் துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பார்கள், வண்டு அண்டாது. உடைத்துப் பருப்பாக்கிவிட்டாலும் அவ்வளவாக வராது. விதைவண்டு என்று போட்டால் விதைக்கென்று எடுத்துவைத்த பயற்றில் மட்டும் வருவது என்றுதான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். அதையும் யோசியுங்கள்.

பூச்சியியல் ஆய்வாளர், மதுரை

அம்மா சொல்வது சரியான கவலை. செம்மண், உடைத்தல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். முட்டையை ஒட்ட வழவழப்பான முழுத்தோல் வேண்டும். அது இல்லாவிட்டால் பெண் வண்டு தயங்கும். பாடத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள், வகைப்பாட்டைவிடப் பயன்படும். ஆனால் பாடநூலில் விதை என்பது தாவரவியல் பொருளில்தான் வரும், அதனால் சமாளிக்கலாம். மாங்கொட்டையைத் துளைப்பதும் விதையைத் தின்பதுதானே என்று யாரும் கேட்டால், அது கூன்வண்டு என்பதே விடை.

டிரைப்புக்குக் கிளை என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். தென்மாவட்டங்களில் சம்பந்தம் பேசும்போது "என்ன கிளை?" என்று கேட்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

மென்பொருளாளர், சென்னை

அது மட்டும் சாதியை நினைவூட்டாதா?

பூச்சியியல் ஆய்வாளர், மதுரை

மரத்துக்கும் கிளை உண்டு. வங்கிக்கும் உண்டு.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

கிளை எனக்கும் உடன்பாடு. குடும்பத்தின் அடுத்த படிக்குத் துணைக்குடும்பம் என்னாமல் உட்குடும்பம் என்று வையுங்கள். துணை என்றால் உதவிக்கு நிற்பது. துணைவேந்தர், துணைத்தலைவர் போல. இது குடும்பத்துக்கு உள்ளே இருப்பது.

மொழிபெயர்ப்பாளர், கோவை

துணைக்கண்டம் எந்தக் கண்டத்துக்கும் உதவிக்கு நிற்கவில்லையே, அம்மா. ஆனால் காரணம் அதுவன்று. இதே வரிசையில் ஏற்கெனவே அச்சான நூல்கள் துணைக்குடும்பம் என்றே பயன்படுத்துகின்றன, பதிப்பாசிரியர் மாற்றவிட மாட்டார்.

இன்று இரவு அனுப்பும் வடிவம்: விதைவண்டுத் துணைக்குடும்பம் (புரூக்கினே). அதன் ஆறு கிளைகளும் எழுத்துப்பெயர்ப்பில் வரும், ஒவ்வொன்றின் முன்னும் கிளை என்ற சொல்லுடன். புரூக்கினி மட்டும் எங்கு வந்தாலும் "புரூக்கினிக் கிளை" என்று முழுமையாக. பயறுவண்டு என்பது கலோசோபுரூக்கஸ் பேரினத்துக்கு மட்டும். இலைவண்டுக் குடும்பத்தில் ஏன் இருக்கிறது என்பதற்கு, உணவைக் கொண்டல்லாமல் உடலமைப்பையும் மரபுவழி உறவையும் கொண்டே குடும்பம் பிரிக்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் மாலை ஆறு மணிக்குள் சொல்லுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி

மறுப்பு உண்டு. அகநானூற்றுப் பாடம் உளுந்தைத்தான் தொடுகிறது, உளுத்தலைத் தொடவில்லை. உளுந்து போனாலும் உளுவண்டு நிற்கிறது. உளுத்தல் மரத்துக்கு மட்டும் என்று விருதுநகர் அம்மா சொல்வது அந்த ஊர் வழக்கு. எங்கள் ஊரில் தானியமும் உளுக்கும். விதைவண்டு என்பது எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், கோவை

அந்தப் பக்கத்தில் அடிக்குறிப்புக்கு இடம் இல்லை, ஐயா. நூலின் பின்னால் உள்ள சொற்பட்டியலில் விதைவண்டுக்கு எதிரே உளுவண்டையும் சேர்த்திருக்கிறேன். கோப்பு போய்விட்டது.

தமிழாசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி

எதிரே அன்று. முதலில் வர வேண்டும். அகர வரிசையிலும் உகரம்தான் முன்னால்.