சாணி வண்டு: வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

தம்பலகாமத்திலிருந்து:

பீயுருட்டி வண்டு என்று சின்ன வயதில் சிரித்ததோடு சரி, அதைக் குனிந்து பார்த்தது போன வருடம்தான். பெரியப்பாவுக்கு இங்கே, திருகோணமலைப் பக்கம், ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பாலையும் வீரையும் நிற்கிற காடு. பதினொரு மாடு. காலையில் தோட்டத்தில் மேயும், வெயில் ஏறினால் காட்டு நிழலுக்குப் போய்ப் படுத்துவிடும். அதே மாடு, அதே புல், ஆனால் சாணி போகிற விதம் மட்டும் வேறு வேறு.

ஆடி மாதம், வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தில் காலையில் போட்ட சாணி மத்தியானத்துக்குள் மேலே பொருக்குத் தட்டிவிட்டது. நாலாம் நாள் கையால் தூக்கினேன், ரொட்டி மாதிரி முழுதாக வந்தது. அடியில் கறையான் மட்டும். காட்டுக்குள் பின்னேரம் விழுந்த சாணியை மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சாணியே இல்லை. அரித்தெடுத்த மாவு மாதிரிப் புது மண் குவிந்து கிடந்தது, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற துளைகள். அதில் ஒன்றை ஈர்க்கால் ஆழம் பார்த்தேன். ஈர்க்கு முழுவதும் உள்ளே போய்விட்டது.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. யோகட் கப்புகளை விளிம்பு மண்ணோடு மட்டமாக இருக்கும்படி புதைத்து, மேலே குறுக்கே ஒரு தடியில் சாணியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஆராய்ச்சிக்காரர்களும் இப்படிக் குழிப்பொறி வைத்துத்தான் எண்ணுகிறார்கள். இரண்டு இரவு. தோட்டத்துக் கப்புகளில் மிளகு அளவு கறுப்பு வண்டுகள், ஏறக்குறைய எல்லாம் ஒரே விதம். காட்டுக் கப்புகளில் அந்தச் சின்னதும் இருந்தது, தலையில் கொம்பு வைத்த பெருவிரல் நக அளவு வண்டும் இருந்தது, பச்சை மினுக்கம் உள்ள ஒன்றும் இருந்தது. சின்னவை ஒந்தோபாகஸ் பேரினம் என்று நினைக்கிறேன். உலகத்தில் இந்தப் பேரினத்தில் மட்டும் 2000க்கு மேல் இனங்கள் இருக்கின்றன.

எல்லா வண்டும் உருட்டுவதில்லை. சில உருட்டிக்கொண்டு போகும், சில சாணிக்குள்ளேயே குடியிருக்கும். நம் பக்கத்தில் நான் கண்டதில் பெரும்பாலானவை நேரே கீழே தோண்டி, சாணியை இழுத்துப்போய் உருண்டை பிடித்து, அதற்குள் முட்டையிடுகிறவை. அந்த உருண்டை காய்ந்தால் உள்ளே இருக்கிற புழுவும் போய்விடும். ஆகவே நிழலும் மண் ஈரமும் அதற்கு உயிர். பெரிய வண்டுக்கு ஆழமான, குளிர்ந்த மண் வேண்டும், சாணியும் நிறைய வேண்டும். காட்டை வெட்டி ஒரே மரமாக நட்டால் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் பெரியவைதான்.

மூதூரிலிருந்து:

தம்பி, நீர் சொன்ன துளையை நான் யானை லத்திக்குக் கீழே கண்டிருக்கிறேன். சேருவில பக்கம் வயல் காவலுக்குப் போன இரவு, ரோச் வெளிச்சத்துக்கு ஏதோ உறுமிக்கொண்டு வந்து நெஞ்சில் மோதி விழுந்தது. தேசிக்காய் அளவு! உள்ளங்கையில் பொத்தினேன், விரல்களை நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவ்வளவு பலம். யானை லத்தியை நம்பி வாழ்கிற ஹெலியோகோப்ரிஸ் என்று பிறகு ஒருவர் சொன்னார். சாணி உருண்டையை மண்ணால் மெழுகி வைக்குமாம். ஆனால் அதே வழியில் இருக்கிற தேக்கந்தோட்டத்தில் ஒரு நாளும் காணவில்லை. தேக்கு கோடையில் இலை கொட்டும், வெயில் நேரே தரைக்கு இறங்கும், போதாததற்குச் சருகுக்கு நெருப்பும் வைப்பார்கள். யானையும் அந்தப் பக்கம் நிற்பதில்லை. பிறகு வண்டு எங்கே வரும்?

கிண்ணியாவிலிருந்து:

எங்கள் வாப்பாவின் எருமைப் பட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு முறை பட்டி முழுவதுக்கும் ஐவர்மெக்ற்றின் என்ற புழு மருந்தை ஊசியாகப் போட்டோம். மழை விட்டு ஈரம் இருக்கிற நல்ல காலம், ஆனாலும் சாணி கிடந்தது கிடந்தபடி. இலையான் மொய்த்துக் கன்றுகளின் கண்ணைத் திறக்க விடவில்லை. வாப்பா ஒவ்வொரு கன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மருந்து சாணி வழியாகவும் வெளியேறும், வண்டுப் புழுவைக் கொல்லும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது தேவையான மாட்டுக்கு மட்டும், அதுவும் வண்டு குறைவாக இருக்கிற கடும் கோடையில் போடுகிறோம்.

அவுஸ்திரேலியாவில் கங்காரு விட்டைக்குப் பழகிய வண்டுகளால் மாட்டுச் சாணியைச் சமாளிக்க முடியாமல், 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். நமக்கோ நம் வண்டுகள் சும்மா கிடைத்தவை.

மீண்டும் தம்பலகாமத்திலிருந்து:

மூதூர் அண்ணா, நெருப்பு விஷயம் எங்களுக்கும் பொருந்தும். பெரியப்பாவும் மட்டையைக் கூட்டி எரிக்கிறவர்தான். கெஞ்சிக் கேட்டு, வேலியோரம் இரண்டு வரிசைக்கு மட்டும் எரிக்காமல் பொச்சுமட்டையும் ஓலையும் பரப்பிவிட்டோம், கீழ்ச்செடியையும் வெட்டவில்லை. கார்த்திகை மழைக்குப் பிறகு தோட்டம் முழுவதிலுமே சின்ன வண்டு பெருகியது. மழை முதல் காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கொம்பு வண்டு வந்தது அந்த இரண்டு வரிசைக்கு மட்டும். மூன்று கப்பில் ஒன்றில்தான், ஒரே ஒரு வண்டு. பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கப்பைத் தானே கொண்டுபோய், பக்கத்தில் கிடந்த பச்சைச் சாணியில் கவிழ்த்துவிட்டார்.