ஒசாஃபுனே சுகேசதா: எழுத்தை நம்புவதா, இரும்பை நம்புவதா?

லண்டன்_முரளி
இங்கே ஒரு ஏலத்தில் ஜப்பான் ராணுவ வாள் எடுத்தேன். வெளியே பார்த்தால் 1938 மாடல் அதிகாரி வாள்தான். மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினால், உள்ளே இருக்கும் அடி இரும்பு கறுத்துக் கிடக்கிறது. ஒரு பக்கம் 'பிஷூ ஒசாஃபுனே சுகேசதா' (பிசென் நாட்டு ஒசாஃபுனே ஊர்க் கொல்லர் சுகேசதா), மறுபக்கம் எய்ஷோ காலத்து ஆண்டு, எட்டாம் மாதம். எய்ஷோ என்றால் 1504 முதல் 1521 வரை. 500 வருஷத்து வாளா இது? எழுத்து மங்கலாக இருப்பதால் நைஸ் உப்புத்தாள் போடச் சொல்கிறார் ஒருவர். போடலாமா?

துருநேசன்
உப்புத்தாளை முதலில் குப்பையில் போடுங்க முரளி. அந்தக் கருந்துருதான் வாளோட வயசுக்குச் சாட்சி. அதைத் தேய்ச்சு எடுத்தா மதிப்பும் அதோடயே போகும். எழுத்துத் தெரியணும்னா டால்கம் பவுடரை லேசாத் தடவி, பக்கவாட்டில் விளக்கு வச்சு படம் எடுங்க.

மத்தபடி சந்தேகப்பட ஒண்ணுமில்ல. போர்க்காலத்தில் நிறைய அதிகாரிங்க வீட்டுப் பழைய வாளுக்கு ராணுவ உறையும் பிடியும் போட்டு எடுத்துட்டுப் போனாங்க. பேரும் தேதியும் இருக்கு, அப்புறம் என்ன?

செல்வி_இரும்பு
அதெப்படி துருநேசன், எழுத்தைப் பார்த்ததும் தீர்ப்பா? ஜப்பானில் வாள் கணிக்கும் கூட்டங்களில் அடிப்பகுதியை மூடி வைத்துத்தான் கையில் கொடுப்பார்கள். வடிவம், இரும்பின் மடிப்புக்கோலம், ஹமோன் (வாயோரம் தோய்த்துக் கடினமாக்கியதால் தெரியும் அலைக்கோடு), முனை, இதெல்லாம் பார்த்து ஆளைச் சொல்லணும். பேர் கடைசி. எடோவில் (இன்றைய டோக்கியோ) 17ஆம் நூற்றாண்டில் இருந்த வாள் கொல்லர் நாகசோனே கோடெட்சு பேரில் எத்தனை போலி! 19ஆம் நூற்றாண்டு ஷின்சென்குமி படைத் தலைவர் கோண்டோ இசாமி பெருமையாக வைத்திருந்த கோடெட்சுவே போலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

துருநேசன்
கோடெட்சு பேரைப் போட்டா காசு. வெறும் 'பிஷூ ஒசாஃபுனே சுகேசதா'வைப் போட்டா என்ன கிடைக்கும்? உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒசாஃபுனே பட்டறைகள் கட்டுக்கட்டா அடிச்சுத் தள்ளின வாளில் போட்ட பேர் அது. சுகேசதான்னு போட்டவங்களே எத்தனையோ பேர். தனி ஆர்டர் வாளில்தான் யோசோசயேமோன் மாதிரி சொந்தப் பேரும் சேர்த்துப் பொறிப்பாங்க. போலி போடறவன் அதையில்ல போட்டிருப்பான்?

செல்வி_இரும்பு
இந்த வாதம் சரி, ஒத்துக்கிறேன். ஆனால் இது 'போலிக்குக் காரணம் இல்லை' என்கிறதே தவிர 'அசல்' என்று சொல்லவில்லை. தேதியையும் அப்படியே எடுத்துக்க வேண்டாம். அந்தக் காலத்தில் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்று போடுவது வழக்கம். எந்த மாதம் அடித்தாலும் அதுதான்.

முரளி, நீளத்தை அளந்து சொல்லுங்க. எய்ஷோ காலத்து ஒசாஃபுனே வாள் ஒற்றைக் கையால் வீசுவதற்கானது: அலகு குட்டை, அடிப்பகுதியும் குட்டை, வளைவு முனைப் பக்கம் தள்ளியிருக்கும். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்பு. அதன் பிரதிபலிப்பை வாயோரமாக மெதுவாக நகர்த்துங்க. வெளிச்சம் விழும் இடத்துக்குச் சற்றே கீழே பனிப்படலம் மாதிரி வெள்ளைக் கோடு எழுந்தால் அதுதான் ஹமோன், பார்த்து ரசிக்கலாம். எண்ணெயில் தோய்த்த போர்க்கால வாளில் கோட்டுக்குள்ளே நுணுக்கமான கோலம் எதுவும் இருக்காது. அதில் பெரும்பாலும் 'செகி' அல்லது 'ஷோவா' என்ற போர்க்கால முத்திரையும் இருக்கும்.

லண்டன்_முரளி
முத்திரை எதுவும் இல்லை. அலகு 64 செ.மீ., அடிப்பகுதி ரொம்பக் குட்டை, ஆணித்துளை இரண்டு. வெள்ளைக் கோடு ஒரு சாண் நீளத்துக்குத் தெரிகிறது. அதில் ஒரு இடத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி பிளந்திருக்கு. மீதி எல்லாம் கீறலும் துருவும்.

செல்வி_இரும்பு
நண்டுக் கொடுக்கா! கடைசிக்கால பிசென் வாளுக்கு அது நல்ல அடையாளம்.

பத்திரம்_பாண்டி
எதுக்கு இவ்வளவு பேச்சு? டோக்கியோவில் 1948 முதல் இருக்கும் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்துக்கு அனுப்பி ஹோசோன் பத்திரம் (அசல்னு சொல்ற சான்று) வாங்கிடுங்க. பத்திரம் இல்லாத வாளை நான் தொடறதே இல்ல.

துருநேசன்
பாண்டி அண்ணே, அனுப்பறதுன்னா கூரியர்ல போடற விஷயமா? ஜப்பானுக்குள்ள போகணும்னா போலீஸ், அப்புறம் மாகாணக் கல்வி வாரியத்தில் பதிவு. ஷோவா வாளா, அதாவது போர்க்காலத்தில் மொத்தமா செஞ்ச வாளா இருந்தா பதிவே கிடையாது, திரும்பியும் வராது. அப்ப என்னன்னு தெரிஞ்ச பிறகுதானே அனுப்ப முடியும்? பத்திரமும் நாலு பேர் சேர்ந்து சொல்ற கருத்துதான். 1982க்கு முந்தைய பத்திரங்களை இப்ப யாரும் அப்படியே நம்பறதில்ல.

பத்திரம்_பாண்டி
உங்க கருத்தைவிட அவங்க கருத்துக்கு விலை அதிகம் தம்பி. பேர் போலின்னா அந்தச் சங்கம் பத்திரமே தராது. அதுக்காகவே எழுத்தை அழிச்சிட்டு மறுபடி அனுப்பறவங்க இருக்காங்க.

செல்வி_இரும்பு
அழிப்பதா? நாளைக்கு அந்தப் பேர் அசல்தான் என்று தெரிந்தால் யார் திரும்பப் பொறிப்பது? முரளி, முறையாகப் பயின்ற சாணைக்காரரிடம் கொடுத்து, இரண்டு அங்குலம் மட்டும் சாணை பிடித்து 'ஜன்னல்' திறக்கச் சொல்லுங்க. இரும்பு பேசிவிடும்.

துருநேசன்
ஜன்னல் திறந்தா வீட்டையே திறக்கத் தோணும். முழுச் சாணைக்கு அங்குலத்துக்கு நூறு டாலருக்கு மேல ஆகும். பட்டறைச் சரக்குக்கு அந்தக் காசு எப்பவும் திரும்பாது. எண்ணெய் போட்டு வச்சிருங்க முரளி, போதும்.

லண்டன்_முரளி
கொடுக்கு தெரியும் இடத்திலேயே ஜன்னல் திறக்கலாமா, வேறு இடமா செல்வி அக்கா?

செல்வி_இரும்பு
வேறு இடம். அங்கேதான் ஏற்கெனவே தெரிகிறதே. முனையைத் திறக்கச் சொல்லுங்க. ஹமோன் அங்கே எப்படித் திரும்புகிறது என்று நானும் பார்க்கணும்.