கோத்தகிரிக்குக் குடும்பத்தோடு குடிமாற்றம்: வீடு, கரண்ட், நெட், தண்ணீர் – ஆலோசனை வேண்டும்

கேட்டவர்: சமவெளி

வணக்கம். மே கடைசியில் திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் குடிமாறுகிறோம். மனைவிக்கு அங்கே பள்ளியில் ஆசிரியர் வேலை உறுதியாகிவிட்டது. எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. தினமும் மூன்று நான்கு மணி நேரம் வீடியோ மீட்டிங் இருக்கும். மகள் இரண்டாம் வகுப்பு. கூடவே மாமியாரும் வருகிறார்; 68 வயது, மூட்டுவலியும் லேசான ஆஸ்துமாவும் உண்டு.

வாடகைக்கு இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம்.

அ) டவுனிலிருந்து 7 கி.மீ. டீத்தோட்டத்துக்கு நடுவே சரிவை வெட்டிக் கட்டிய புது வீடு. பின்சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண் வெட்டு நிற்கிறது. ஹாலில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

ஆ) டவுனிலிருந்து ஒன்றரை கி.மீ. ஊருக்குள் பழைய ஓட்டு வீடு. ரோட்டிலிருந்து 22 படி இறங்க வேண்டும்.

எல்லோருக்கும் முதல் வீடுதான் பிடித்திருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது? நெட், கரண்ட், தண்ணீர், பெரியவர் உடல்நிலை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: தடுப்புச்சுவர்

நீங்கள் அந்த வீட்டின் முன்பக்கத்தைப் பார்க்கிறீர்கள், நான் பின்பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். நீலகிரி மண் ஆழமான, களி கலந்த செம்மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். மூன்று நாள் விடாமல் மழை பெய்து தண்ணீர் உள்ளே இறங்கினால் மண்ணின் எடை கூடும், பிடிப்பு குறையும். அப்போது மொத்தமாகச் சரியும். 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்தது இதுதான். 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கோத்தகிரிக்கு முக்கியமான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தென்மேற்குப் பருவமழையைப் பெருமளவு தொட்டபெட்டா மலைத்தொடர் மறைத்துவிடுகிறது. அதனால் ஜூனில் போய்ப் பார்த்து "மழைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்துவிடாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு அடி வெட்டுக்குத் தடுப்புச் சுவர் இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம். சுவர் இருந்தாலும் இவற்றைப் பாருங்கள். கருங்கல் சுவர் என்றால் அடிப்பகுதியின் அகலம் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். பத்தடிச் சுவருக்கு ஐந்தடி. சுவரில் நாலைந்து அடிக்கு ஒன்றாக மூன்று அங்குல வடிகுழாய்கள் வைத்திருக்க வேண்டும். நல்ல மழையில் அந்தக் குழாய்களில் தண்ணீர் கசிந்தால் நல்லது. சுவர் முழுக்க ஈரமாக இருந்தும் குழாய் வறண்டிருந்தால் பின்னால் ஜல்லி போடாமல் மண்ணையே நிரப்பி அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கித் தள்ளிக்கொண்டிருக்கும். வெட்டுக்கு மேலே மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் இருக்கிறதா என்று ஏறிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இல்லாமல் போவது அதுதான்.

வீட்டுக்குள் தரையில் சரிவுக்கு இணையாக நீளும் விரிசல், ஒரே வரிசையில் புதிதாகப் பூசிய சிமெண்ட், திடீரென்று இறுகிப்போன கதவு, மேலே அடிப்பாகம் வளைந்து நிற்கும் மரங்கள் இவையெல்லாம் நிலம் நகர்வதன் அடையாளம். தெளிவாக வந்த கசிவு கலங்கலாக மாறினால் அன்று இரவு அந்த வீட்டில் தூங்கக் கூடாது.

இன்னொன்று, வீட்டைச் சுற்றி எத்தனை கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சில்வர் ஓக் நிற்கிறது என்று எண்ணுங்கள். மரத்தின் உயரத்துக்குள் வீடு இருந்தால் காற்றுக்கு ஆபத்து. வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நாளாகும்.

---

பதில்: இரண்டாவது_இணைப்பு

நெட், கரண்ட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மரக்கிளை விழுந்து லைன் அறுந்தால் டவுனில் சில மணி நேரத்தில் சரியாகும். ஏழு கி.மீ தள்ளி ஒற்றை லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். ஃபைபர் கேபிளும் அதே கம்பங்களில்தான் வருகிறது, ஆகவே இரண்டும் ஒன்றாகவே போகும். ஃபைபர் ஒரு கம்பெனி, மொபைல் டேட்டா வேறொரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் நின்று சிக்னல் பார்த்தால் போதாது. நீங்கள் உட்காரப்போகும் அறையில், மாலை 7 மணிக்கு, இரண்டு மூன்று சிம்களில் பதிவேற்ற வேகத்தைச் சோதியுங்கள். வீடியோ மீட்டிங்குக்குத் தடையில்லாமல் 3 எம்பிபிஎஸ் (Mbps) பதிவேற்றம் வந்தால் போதும். பள்ளத்துக்குள் இருக்கும் வீட்டில் செல்போன் கோபுரம் நேராகத் தெரியாது. பனிமூட்டத்தால் 4ஜி போகிறது என்பார்கள், உண்மையில் கரண்ட் போய்க் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும்.

இன்வெர்ட்டர் கணக்கு: 150 ஏஎச் பேட்டரி, 12 வோல்ட், காகிதத்தில் 1,800 வாட்-மணி. பேட்டரி கெடாமல் இருக்கப் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, இன்வெர்ட்டரில் 15–20 சதவீதம் வீணாகும். கையில் நிற்பது சுமார் 700–750. லேப்டாப் 60, மோடம் 12, இரண்டு எல்இடி விளக்கு 18 என்று 90 வாட் போனால் எட்டு மணி நேரம். டிசம்பர் குளிரில் ஈயப் பேட்டரியின் கொள்ளளவு இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கும். பேட்டரியை வெளி ஷெட்டில் வைக்காமல் வீட்டுக்குள் காற்றோட்டமான மூலையில் வையுங்கள். மோடத்துக்குத் தனியாக 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். கரண்ட் மாறும் நொடியில் மீட்டிங் அறுபடாது. மோடத்தின் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

ஏப்ரல்–மே மாலை இடிமழையிலும் அக்டோபரிலும் மின்னல் அதிகம். பழைய வீடுகளில் எர்த் இருப்பதாகச் சொல்வார்கள், கம்பி மட்டும் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐந்து ஓமுக்கு மேல் காட்டினால் புது எர்த் குழி போட வேண்டும்.

---

பதில்: அடுப்படி

பெரியவரைப் பற்றிக் கேட்டீர்கள். கோத்தகிரி 1,900 மீட்டர் அளவில் இருக்கிறது. உயரத்தால் வரும் தலைசுற்றல், மூச்சுத்திணறல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆஸ்துமாவுக்கு எதிரி சுவர் ஈரமும் பூஞ்சையும். புது பெயிண்ட் அடித்த வீட்டில் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், சுவரின் கீழ் மூன்றடியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்று மாட்டி 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள். ஈரம் உறிஞ்சும் எந்திரம் வாங்குவதாக இருந்தால் கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, உள்ளே பனி கட்டும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் பூசிய சக்கரம் உள்ள (டெசிகண்ட்) வகை குளிரிலும் ஓடும், கரண்ட் கூடுதலாக எடுக்கும். அலமாரிகளைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். சாதாரண பிளைவுட் சாமான்கள் இரண்டு மழைக்குள் உப்பிவிடும். அவற்றை ஏற்றிக்கொண்டு வரவே வேண்டாம்.

மூடிய அறையில் கரி அடுப்புக் கணப்பு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். மலை ஊர்களில் இப்படிக் குடும்பமாக இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். குளிருக்கு மின்கம்பளமும் வெந்நீர்ப் பையும் போதும்.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். புதரில் இருக்கும் சிறு பூச்சிக் கடியால் வருவது. அக்குள், இடுப்பு மடிப்பில் கருகிய சின்னப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டால் டாக்ஸிசைக்ளினிலேயே குணமாகும்.

சமையல்: அங்கே தண்ணீர் 93–94 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும், குக்கரில் இரண்டு விசில் கூட்டுங்கள். இட்லி மாவு புளிக்க டிசம்பரில் 20–24 மணி நேரம் எடுக்கும். தெர்மோகோல் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தையும் ஒரு சொம்பு வெந்நீரையும் வைத்து மூடி, தூங்கும் முன் வெந்நீரை ஒரு தடவை மாற்றினால் காலையில் பொங்கியிருக்கும்.

---

பதில்: ஹேர்பின்

வண்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் 33 கி.மீ முழுக்க இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது சட்டமும்கூட. பனிமூட்டத்தில் ஹெட்லைட்டை டிம்மில் போடுங்கள்; ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். கண்ணாடி மங்கினால் ஏசியை ஓட விடுங்கள். சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, ஒரு கல்லும் வையுங்கள்.

பலாப்பழ சீசனில், மே முதல் ஜூலை வரை, குஞ்சப்பனை பக்கம் யானை ரோட்டுக்கு வரும். இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும். குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் மொத்தப் போக்குவரத்தும் கோத்தகிரி ரோட்டுக்குத் திரும்பும். கோவை ஆஸ்பத்திரிக்கு இரண்டேகால் மணி என்ற கணக்கு அன்றைக்குச் செல்லாது. மாமியாரின் இன்ஹேலரும் மாத்திரையும் மூன்று வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும்.

2024 மே முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. உங்கள் வண்டி திருப்பூர் பதிவு என்பதால், வாடகை ஒப்பந்தம் கையில் வந்ததும் உள்ளூர்வாசிக்கான பாஸ் கேட்டு விண்ணப்பியுங்கள். சாமான் வண்டியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் சோதனைச் சாவடியில் அபராதம்.

---

சமவெளி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அ) வீட்டின் பின்னால் தடுப்புச் சுவர் இல்லை, வெறும் மண்தான். ஓனர் "மழைக்கு முன்னாடி கட்டிடலாம்" என்கிறார். ஆ) வீட்டில் பஞ்சாயத்துத் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு தடவை. 22 படி மாமியாருக்குக் கஷ்டம் என்பதுதான் தயக்கம். அந்தப் பக்கம் கரடி வரும் என்றும் சொல்கிறார்கள்.

---

பதில்: தடுப்புச்சுவர்

மழைக்கு முன்னாடி கட்டமாட்டார். ஜேசிபி இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆளை வைத்து வெட்டி, கல் இறக்கி, சுவர் எழும்ப மாதக்கணக்கில் ஆகும். பாதி வெட்டிய நிலையில் அக்டோபர் வந்தால் இப்போது இருப்பதைவிட ஆபத்து. அந்த வீட்டை விட்டுவிடுங்கள். ஒரு குழந்தையும் நடக்கச் சிரமப்படும் பெரியவரும் இருக்கும் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு வெளியே ஓடும் நிலை வரக் கூடாது.

ஆ) வீட்டில் மிச்சமிருப்பதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. நாலு பேருக்கு சிக்கனமாக ஒரு நாளைக்கு 400 லிட்டர், ஐந்து நாளைக்கு 2,000, ஒரு முறை தண்ணீர் தப்பினால் தாங்க இன்னும் ஆயிரம். 1,000 லிட்டர் தொட்டி மூன்று வேண்டும். அவற்றைச் சமதளமான கான்கிரீட் மேடையில் வைக்க வேண்டும், மண்ணைக் கொட்டி நிரப்பிய விளிம்பில் வைக்கக் கூடாது. போர்வெல் நம்பிக்கை வேண்டாம், நீலகிரியில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. மழைக்காலத் தண்ணீர் கலங்கி வரும். வடிகட்டிய பிறகும் காய்ச்சிக் குடியுங்கள்.

படி உயரத்தை அளந்து பாருங்கள். ஏழு அங்குலத்துக்கு மேல் இருந்தால் மூட்டுவலிக்காரருக்கு ஆகாது. இடையில் அரைப்படி போட்டுக்கொள்ளலாம், ஓனர் சம்மதித்தால் ஒரு நாள் வேலை. இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குல இரும்புக் குழாய்க் கைப்பிடி, நடுவில் உட்கார ஒரு திண்ணை, படியின் மேல்பரப்பில் பாசி பிடிக்காதபடி சொரசொரப்பான பூச்சு. படியில் வழியும் மழைநீர் வாசலுக்கு வராமல் கடைசிப் படிக்கு முன் குறுக்கு வாய்க்காலும் அதன் மேல் கம்பி ஜாலியும் வேண்டும். ரோட்டுக்குக் கீழே இருக்கும் வீடு என்பதால் இது ரொம்ப முக்கியம்.

கரடி எண்ணெய்க்கும் மாவுக்கும் பழத்துக்கும்தான் வரும். சமையலறைக் கதவு பலமான மரமாக இருக்கட்டும். குப்பையை வெளியே வைக்காதீர்கள், விளக்கு எண்ணெயைத் திண்ணையில் விடாதீர்கள், படிக்கட்டுக்கு ஒரு சென்சார் விளக்கு போடுங்கள். காட்டெருமை நின்றால் அது விலகும்வரை காத்திருங்கள், கன்றோடு இருந்தால் திரும்பிப் போய்விடுங்கள்.

ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் போட்டு, கைப்பிடி, தொட்டி மேடை, ஓடு மாற்றுவது மூன்றும் ஓனர் செலவு, குடிவரும் முன் முடிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஓடு மாற்றும் வேலையை மே முதல் வாரத்துக்குள் தொடங்கச் சொல்லுங்கள். கோடை மழை பிடித்துக்கொண்டால் கூரை மேல் ஆள் ஏறமாட்டார்கள்.